இரவல் குரல்

பேசாப் பிராணி ஒன்றின் வாயில் மனிதனின் பேச்சை எடுத்து வைத்தால் அப்பேச்சுக்கு உரியவர் யார்? பேசிய மனிதரா, பிராணியா, இரண்டையும் பொருத்தி வைத்த கலைஞரா? பொருத்தி வைத்ததைக் கண்டு ஓர் அரங்கமே சிரித்தால் அச்சிரிப்பு யாரைச் சேரும்? இவற்றை நாம் சொற்சிலம்பத்துக்காக எழுப்பவில்லை. பிரிட்டனில் உருவாகிப் பரிசுகள் பெற்று, பொது அரங்குகளில் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டுவரும் அசைவூட்டக் குறும்படங்கள் சிலவற்றைப் பார்த்தபின் இக்கேள்விகள் நம்மை விட்டு நீங்கவில்லை.

அந்நாட்டில் இவ்வகைப் படங்களுக்கென்றே ஒரு விருது 1996ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் ஆடு கத்துவதுபோல் ஒலிக்கும். அதனாலேயே பரிசுப் பொருள்களையும் ஆட்டை வைத்துச் செய்த கலைப்பொருள்களாக வழங்கினார்கள். நடுவர்கள் தரும் பரிசுகளோடு மக்கள் தரும் பரிசும் ஒன்று அதில் இருந்தது. குறும்படங்களைத் தொகுத்துப் பல ஊர்த் திரையரங்குகளில் காட்டி, பார்த்தவர்களின் வாக்கைக் கொண்டு அப்பரிசைத் தீர்மானித்தார்கள். இருட்டில் ஒன்றாக உட்கார்ந்து பார்ப்பதும், பின் தீர்ப்புச் சொல்வதும் பார்வையாளரின் வேலையாயிற்று. அமெரிக்க ஆஸ்கார் பரிசை வென்ற முதல் பிரிட்டிஷ் அசைவூட்டப் படம் பாப் காட்ஃப்ரேயின் ‘கிரேட்’. அது வென்றது 1976இல். அதன்பின் வென்றவை பல. நாம் பேச எடுத்துக்கொள்வது 1991இல் வென்ற ஒன்றை.

அதற்கு முன், நம் வாசகர்களுள் பலர் கேட்கக்கூடிய ஒன்றைத் தொட்டுச் செல்வோம். உயிருள்ளவற்றின் உருவத்தைச் சமைப்பதே கூடுமா? உருவம் சமைத்தோர் மறுமையில் அதற்கு உயிரூட்டும்படி பணிக்கப்படுவர் என்னும் கருத்துடைய நபிமொழி ஸஹீஹான கிரந்தங்களில் வந்துள்ளது. சட்ட மேதைகள் அதனை வைத்து விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். இக்காலத்து உலமாக்களிடையே திரைப்பட உருவத்தைப் பற்றிக் கருத்து வேற்றுமையும் உண்டு. ஃபத்வா வழங்குவது இக்கட்டுரையின் வேலையன்று. ஆனால் பெயரில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆங்கிலத்தில் இக்கலைக்கு வழங்கும் ‘அனிமேஷன்’ என்ற பெயர், மூச்சு, உயிர் எனப் பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து பிறந்தது. உயிரூட்டுகிறேன் என்று அது மார்தட்டுகிறது. அரபியரோ ‘ருஸூம் முதஹர்ரிகா’ என்றார்கள். அசையும் சித்திரங்கள், அவ்வளவுதான். தமிழில் நாம் அசைவூட்டம் என்கிறோம். இவ்விரு பெயர்களும் தமக்கு இல்லாத உரிமையைக் கோரவில்லை.

தொழிலின் உள்ளே புகுந்து பார்த்தாலும் உண்மை அதுவே. பிளாஸ்டிசின் என்னும் காயாத களிமண்ணால் பொம்மை செய்வார்கள். (இக்களியை 1897இல் பாத் நகரத்து ஓவிய ஆசிரியர் வில்லியம் ஹார்பட் கண்டுபிடித்தார், மாணவருக்காகச் செய்தது.) பொம்மையைச் சிறிது அசைத்து ஒரு படம் எடுப்பார்கள்; மீண்டும் சிறிது அசைத்து மீண்டும் எடுப்பார்கள். திரையில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடவேண்டும். ஐந்து நிமிடத்துக்கு 7,200 படங்கள். ஒவ்வோர் அசைவையும் இரண்டு படமாக எடுத்துக்கொண்டாலும் 3,600 முறை கைவைத்தாக வேண்டும். இவ்வளவு பாடுபட்டும், கையை எடுத்த கணத்தில் அம்மண் மண்ணாகவே நிற்கும். மனிதனுக்குத் தன் இயலாமையை இவ்வளவு பொறுமையாக நாள்தோறும் எடுத்துக்காட்டும் தொழில் வேறொன்று உண்டா என்று நமக்குத் தெரியவில்லை.

சுல்தான் ஸலாஹுத்தீன் நிழற்கூத்து ஒன்றை நடத்துவித்தபோது அமைச்சர் அல்காழீ அல்ஃபாழில் எழுந்து போக முற்பட்டார் என்றும், சுல்தானுக்காக அமர்ந்து பார்த்தார் என்றும் வரலாறு. எப்படி இருந்தது என்று கேட்டபோது, அரசுகள் வருவதையும் போவதையும் கண்டதாகவும், திரையைச் சுருட்டியபின் ஆட்டிவைத்தவன் ஒருவனே என்று அறிந்ததாகவும் அவர் விடை பகர்ந்தாராம். பார்ப்பவர் பார்க்கத் தெரிந்தவராக இருந்தால் கூத்தும் பாடமாகும். இனிப் படத்துக்கு வருவோம்.

பிரிஸ்டல் நகரில் ஆர்ட்மேன் என்றொரு படப்பிடிப்பகம் உள்ளது. 1972இல் பீட்டர் லார்ட், டேவிட் ஸ்ப்ராக்ஸ்டன் என்னும் இரு நண்பர்கள் தொடங்கியது. அங்குப் பணியாற்றிய நிக் பார்க் 1989இல் செய்த ஐந்து நிமிடப் படம் ‘கிரீச்சர் கம்ஃபர்ட்ஸ்’. உடல் வசதிகள் என்று பொருள்படும் ஆங்கில வழக்கு அது. பிராணிகளின் சுகம் என்றும் சிலேடையாகப் படிக்கலாம். மிருகக்காட்சிச் சாலை ஒன்றில் கூண்டுக்குக் கூண்டு ஒலிவாங்கி நீட்டப்படுகிறது. உங்கள் இருப்பிடம் எப்படி இருக்கிறது என்று கேட்கப்படுகிறது. பிராணிகள் விடை கூறுகின்றன. விடைகளோ எழுதி நடித்தவை அல்ல. வாடகைக் குடியிருப்பில் வாழ்ந்தவர்கள், முதியோர் இல்லத்தில் இருந்தவர்கள், பிரேசில் நாட்டிலிருந்து வந்து தங்கியிருந்த ஒருவர் எனச் சாதாரண மனிதர்களிடம் அவர்கள் வாழுமிடத்தைப் பற்றியும் மிருகக்காட்சிச் சாலைகளைப் பற்றியும் கேட்டுப் பதிவு செய்த உண்மைப் பேச்சு அது. தயக்கமும் திக்கலும் பெருமூச்சும் அப்படியே இருக்கின்றன. அந்தப் பேச்சுக்கேற்பக் களிமண் வாய்கள் திறந்து மூடுகின்றன.

பிரேசில் நாட்டவரின் குரல் ஒரு சிறுத்தைக்குக் கிடைத்தது. குளிரைப் பற்றி அது குறைபடுகிறது. உணவைப் பற்றிக் குறைபடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக இடம் வேண்டும், வெளி வேண்டும் என்று கைகளை விரித்துக் காட்டுகிறது. முதுமை தோய்ந்த குரல் ஒன்று தேவாங்கைப்போல் பெருங்கண் கொண்ட ஒரு சிறு பிராணிக்குக் கிடைத்தது. அது குறை சொல்லவில்லை. இங்குப் பாதுகாப்பாக இருக்கிறேன் என்ற அமைதியே அதன் பேச்சில். வெண்கரடிக் குடும்பமும் பேசுகிறது. மக்கள் சிரிக்கிறார்கள்; நாமும் சிரித்தோம். நன்றாகச் செய்யப்பட்ட படம்தான்.

நம் மத்ரஸாக்களில் ஃபிக்ஹு நூல்களை ஓதியவர்களுக்கு ‘ஆரிய்யத்’ என்னும் பாடம் நினைவிருக்கும். இரவல் வாங்குதலின் சட்டம் அது. இரவல் பொருள் கெட்டுப்போனால் வாங்கியவர் ஈடு செய்ய வேண்டுமா என்பதில் ஷாஃபிஈ மத்ஹபுக்கும் ஹனஃபீ மத்ஹபுக்கும் வேற்றுமை உண்டு. அனுமதித்த பயன்பாட்டாலன்றி வேறு வகையில் அழிந்தால் ஈடு செய்யவேண்டும் என்பார் முன்னவர். அது கையிலிருக்கும் அமானிதம், வரம்பு மீறினாலன்றி ஈடில்லை என்பார் பின்னவர். ஆனால் இரவல் கொடுத்தவர் அனுமதித்த எல்லையைத் தாண்டக்கூடாது என்பதில் இருவருக்கும் பேதமில்லை. இந்த ஊர் வரைக்கும் என்று வாங்கிய வாகனத்தை அடுத்த ஊருக்கு ஓட்டிச் சென்றவர் பொறுப்பாளியாகிறார். குரலும் இரவல் கொடுக்கத்தக்க பொருளே. ஏன், வாகனத்தைவிட மனிதனுக்கு நெருக்கமானது. வாகனத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அரங்கேறிய குரலைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. ஒருவர் பேசும்போது சுற்றுமுற்றும் திரும்பிப் பார்த்தாரானால் அப்பேச்சு கேட்டவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்னும் கருத்தில் நபிமொழி ஒன்று உண்டு. ஒலிவாங்கியை நேரே பார்த்துப் பேசியவரின் பேச்சுக்கு அவ்வளவு காவல் வேண்டாம் என்று கொண்டாலும், கொஞ்சமும் வேண்டாமா?

ஒலிவாங்கியின் முன் பேசச் சம்மதிப்பது வேறு, கூண்டுக்குள் நின்று பேசுவதாகக் காட்டப்படுவது வேறு. அம்மனிதர்கள் பேசியதில் ஓர் எழுத்தும் மாற்றப்படவில்லை. மாற்றப்பட்டது பேச்சின் இடம். வேதம் கொடுக்கப்பட்ட சிலரைப் பற்றித் திருமறை கண்டிக்கும் குற்றங்களுள் சொற்களை அவற்றின் இடங்களிலிருந்து புரட்டுவதும் ஒன்று. ‘தஹ்ரீஃப்’ என்பர். விரிவுரையாளர்கள் அதனை இரு வகையாகப் பிரிப்பர்: சொல்லையே மாற்றுவது ஒன்று, சொல்லை விட்டுவைத்துப் பொருளை மாற்றுவது மற்றொன்று. இறைவேதத்தின் விஷயத்தை ஒரு வேடிக்கைப் படத்தோடு ஒப்பிடுவது நம் நோக்கமன்று. அப்பாகுபாடு மட்டும் இங்கு நமக்கு உதவுகிறது.

சிறுத்தையை எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டில் வாழ்ந்து, குளிரிலும் நெருக்கத்திலும் தவித்து, தாய்நாட்டின் விரிந்த வெளியை எண்ணி ஏங்கிய மனிதரின் சொற்கள் அவை. கூண்டுச் சிறுத்தையின் வாயில் வைத்தபோது அச்சொற்களின் பொருள் கெடவில்லை, கூர்மை பெற்றது. அவரது முறையீட்டையும் கேட்கிறோம், காட்டிலிருந்து பிடித்து வரப்பட்ட பிராணியின் முறையீட்டையும் கேட்கிறோம். இரவல் வாங்கியவர் கொடுத்தவரின் வழக்கையே வாதாடியிருக்கிறார். இதில் நாம் குறை காணவில்லை.

மூதாட்டியின் நிலை அப்படியன்று. எனக்கு இங்கு நிம்மதியாக இருக்கிறது என்று முதுமையடைந்த ஒருவர் சொன்னால் அதனை நாம் அப்படியே ஏற்பதே மரியாதை. அதே சொல்லைக் கம்பிகளுக்குப் பின்னால் நிறுத்தியவுடன் கேட்பவர் மனத்தில் வேறொன்று எழுகிறது: பாவம், சிறையைச் சிறை என்று அறியாமல் பேசுகிறாள். அவர் சொன்ன சொல்லே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லத் தொடங்குகிறது. முதியோரை இல்லங்களில் விட்டுவிட்ட ஒரு சமுதாயத்தை நோக்கிய கண்டனம் இது என்று கலைஞர் தரப்பில் வாதிடலாம். அக்கண்டனம் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதனைச் சொல்ல அம்மூதாட்டியின் நிம்மதியை அல்லவா செலவழித்திருக்கிறார்? நிம்மதி உண்மையா பொய்யா என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான்.

பிராணிகளைப் பேசவைப்பதே தவறு என்று நாம் சொல்வதாக யாரும் கொள்ளவேண்டாம். நம் இலக்கியம் நெடுங்காலமாக அதனைச் செய்து வந்திருக்கிறது. பஞ்சதந்திரக் கதைகள் பஹ்லவி மொழி வழியாகப் போய், எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்ஃபஉவின் கையில் ‘கலீலா வ திம்னா’ ஆயின. பத்தாம் நூற்றாண்டுப் பஸராவில் இக்வானுஸ்ஸஃபா என்னும் குழுவினர் எழுதிய மடல்களுள் ஒன்று, மிருகங்கள் அனைத்தும் மனிதனுக்கு எதிராக ஜின்களின் அரசன் முன் தொடுத்த வழக்கைச் சொல்கிறது. எங்களை அடிமை கொள்ள இவர்களுக்கு என்ன உரிமை என்று அவை கேட்கும் கேள்விகளுக்கு மனிதரின் தரப்பில் கிடைக்கும் விடைகள் பெரும்பாலும் வெட்கப்படத்தக்கவை. முடிவில் மனிதன் வெல்வது மறுமை வாழ்வு அவனுக்கு வாக்களிக்கப்பட்டிருப்பதாலும், இறைநேசர்கள் அவன் இனத்தில் தோன்றியதாலும். அவன் செய்ததைக் கொண்டன்று.

நம் சீறாப்புராணத்தை ஓதக் கேட்ட குடும்பத்தினருக்கு மானுக்குப் பிணை நின்ற படலத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வலையில் சிக்கிய பிணைமான், கன்றுக்குப் பால் கொடுத்துத் திரும்புகிறேன் என்று அண்ணலாரிடம் (ஸல்) இரந்து நிற்கிறது. அவர்கள் வேடனிடம் பிணை நிற்கிறார்கள். மான் சொன்னபடி திரும்பி வருகிறது. அந்நிகழ்ச்சியின் அறிவிப்பாளர் தொடரைப் பற்றி ஹதீஸ் கலை வல்லுநர் பேசுவது வேறு. உமறுப் புலவர் மானுக்குக் கொடுத்த பேச்சு தாயின் பேச்சு. அதனைக் கேட்டுச் சிரித்தவரை நாம் கண்டதில்லை. தன் எஜமான் பட்டினி போட்டு வேலை வாங்குவதாக ஓர் ஒட்டகம் நாயகத்திடம் (ஸல்) முறையிட்டதும், பூனையைக் கட்டிவைத்து உணவும் கொடாமல், தானே தேடித் தின்ன விடவும் செய்யாமல் சாகவிட்ட பெண்ணுக்கு நரகம் எச்சரிக்கப்பட்டதும் நாம் அறிந்தவை. அபூ உமைர் என்னும் சிறுவர் வளர்த்த சிட்டைப் பற்றிய நபிமொழியைக் கொண்டு, உணவும் நீரும் குறைவறக் கொடுத்தால் பறவையைக் கூண்டில் வைக்கலாம் என்று சட்ட மேதைகள் சிலர் முடிவு செய்தனர். ஆகவே கூண்டு என்ற மாத்திரத்திலேயே குற்றம் இல்லை. உள்ளிருப்பது என்ன சொல்லும் என்று எண்ணிப் பார்க்காதிருப்பதே குற்றத்தின் தொடக்கம்.

சிரிப்புக்கு வருவோம். பிராணி பேசக் கேட்டுச் சிரித்தவர் ஒருவரைத் திருமறையே காட்டுகிறது. சுலைமான் நபியின் (அலை) படை வருகிறது, அறியாமல் நம்மை மிதித்துவிடக்கூடும், பொந்துகளுக்குள் போய்விடுங்கள் என்று எறும்பொன்று தன் இனத்தை எச்சரித்தபோது அவர்கள் புன்னகைத்துச் சிரித்தார்கள். சிரித்த கையோடு அவர்கள் செய்தது துஆ: தமக்கும் தம் பெற்றோருக்கும் இறைவன் அளித்த அருளுக்கு நன்றி செலுத்தவும் நற்செயல் புரியவும் அருள வேண்டினார்கள். ‘அறியாமல்’ என்று எறும்பு சேர்த்துச் சொன்னதை விரிவுரையாளர்கள் சிலாகிப்பர். வலியவன்மீது நல்லெண்ணம் வைத்த எளியதன் சொல் அது. இன்னொரு சிரிப்பும் உண்டு. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகளிடையே துணிச் சிறகு வைத்த குதிரை ஒன்றைக் கண்டு அண்ணலார் (ஸல்) வினவ, சுலைமானின் குதிரைகளுக்குச் சிறகு இருந்ததைத் தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையார் மறுமொழி சொல்ல, அவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். இச்சிரிப்புகளால் யாரும் சிறுமைப்படவில்லை. ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிக்கலாகாது, பரிகசிக்கப்படுவோர் மேலானவராக இருக்கக்கூடும் என ஸூரத்துல் ஹுஜுராத் தடுப்பது வேறு வகைச் சிரிப்பை.

பொது அரங்கில் இவ்விரண்டும் கலந்துவிடுகின்றன. தனியே பார்க்கும்போது சிறுத்தையின் ஏக்கம் நெஞ்சைத் தொடும் இடத்தில், இருநூறு பேர் நடுவே பக்கத்து நாற்காலிக்காரர் சிரித்துவிட்டால் நமக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது. அந்நியரின் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கிறோமா, அவர் சொல்லும் உண்மையைக் கேட்டுச் சிரிக்கிறோமா என்று நின்று யோசிக்க இருட்டில் நேரம் கிடைப்பதில்லை. நம் இனத்தார் எத்தனையோ பேர் குளிர்நாடுகளில் ஒண்டுக் குடித்தனம் செய்து, ஊர் நினைவில் இதே குறைகளைச் சொல்லியிருப்பார்கள். அவர்களின் தமிழ்வாடை வீசும் ஆங்கிலத்தை ஒரு களிமண் கரடியின் வாயில் வைத்தால் அவ்வரங்கில் நாம் எப்படிச் சிரிப்போம்?

இப்படத்தின் புகழ் பரவியபின் அதே பாணியில் மின்சாரக் கணப்பை விற்க விளம்பரப் படங்கள் வந்தன. பிராணிகள் தம் வீட்டின் கதகதப்பைப் புகழ்ந்தன. அவற்றுக்கெனத் தனியே பேட்டி எடுத்தார்கள் என்பது சரி. ஆனால் முறையீட்டுக்கென்று உருவான வடிவம் கடைத்தெருவுக்கு வந்துவிட்டதைக் கவனிக்கவேண்டும். வாகனம் அடுத்த ஊருக்குப் போய்விட்டது. இதைவிடப் பெரிய உதாரணம் பழையது. ஹாலஸ், பாட்செலர் தம்பதியர் ஜார்ஜ் ஆர்வெலின் ‘விலங்குப் பண்ணை’யை 1954இல் முழுநீளப் படமாக்கினர். அதற்கான பணம் அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.விடமிருந்து மறைவாக வந்தது என்பது பின்னாளில் வெளிப்பட்டது. ஆர்வெல் இறந்துவிட்டிருந்தார். அவர் எழுதிய முடிவில் பன்றிக்கும் மனிதனுக்கும் வேறுபாடு தெரியவில்லை. படத்தின் முடிவிலோ மற்ற விலங்குகள் எழுந்து பன்றிகளை வீழ்த்துகின்றன. கழுதையின் சினத்தில் ஓர் அரசின் சினம் ஒளிந்திருந்தது, பார்த்தவர் அறியவில்லை.

‘கிரீச்சர் கம்ஃபர்ட்ஸ்’ வெளிவந்த அதே வரிசையில், சானல் ஃபோர் தொலைக்காட்சிக்காகப் பீட்டர் லார்ட் செய்த மற்றொரு குறும்படத்தைப் பரிசுப் பட்டியல்களில் தேடுபவர் குறைவு. நமக்கு அதன்மீதே மதிப்பு அதிகம். பெயர் ‘கோயிங் எக்விப்டு’. திருட்டுக்கான கருவிகளோடு நடமாடுவதைக் குறிக்கும் ஆங்கிலச் சட்டச் சொல் அது. சிறை சென்று மீண்ட இளைஞர் ஒருவர் தம் பிள்ளைப் பருவத்தையும் சிறை வாழ்க்கையையும் தாமே பேசுகிறார். குரல் உண்மை, முகம் களிமண். இங்கு அம்முகம் மிருகத்தின் முகமன்று, மனித முகம். கண்ணைத் தாழ்த்துகிறது, விரலைப் பிசைகிறது. வேடிக்கை ஏதுமில்லை. ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்று கற்றவர்கள் நாம். அவ்விளைஞரின் முகத்தைக் காட்டாமல் அவர் மனத்தைக் கேட்கச் செய்த களிமண், போர்த்திய துணியைப் போல எனக் கூறத் தோன்றுகிறது. அம்பலப்படுத்தவும் போர்த்தவும் ஒரே மண் போதுமாயிருக்கிறது.

2008இல் ஆஸ்கார் பெற்ற ‘பீட்டர் அண்டு தி உல்ஃப்’ படத்தில் யாரும் பேசுவதில்லை. சூசி டெம்பிள்டன் என்னும் பெண்மணி பிரிட்டன், போலந்து இரு நாட்டுக் கூட்டில் 2006இல் உருவாக்கியது. ரஷ்ய இசைமேதை புரோகோஃபியெவ் 1936இல் குழந்தைகளுக்காக அமைத்த இசைக்கதை அதற்கு அடிப்படை. பழைய கதையில் சிறுவன் பீட்டர் பிடித்த ஓநாயை வேட்டைக்காரர்கள் ஊர்வலமாக மிருகக்காட்சிச் சாலைக்குக் கொண்டு போவார்கள். கதைசொல்லி ஒருவரும் உண்டு. டெம்பிள்டன் கதைசொல்லியை நீக்கிவிட்டார். முடிவையும் மாற்றிவிட்டார். பிடிபட்ட ஓநாயின் கண்களைப் பீட்டர் பார்க்கிறான். கூண்டைத் திறந்துவிடுகிறான். அது காட்டை நோக்கி ஓடுகிறது.

இப்படத்தைப் பார்த்த பிள்ளைகள் தவறாமல் எழுப்பக்கூடிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த ஓநாய் பீட்டரின் தோழனான வாத்தை விழுங்கிய ஓநாய். பழைய கதையில் வாத்து அதன் வயிற்றுக்குள் உயிரோடு கத்திக்கொண்டிருக்கும்; இப்படத்தில் அந்த ஆறுதலும் இல்லை. வாயில்லாப் பிராணி செய்த சேதத்துக்கு ஈடில்லை என்பது நபிமொழியின் தீர்ப்பு; கட்டளையும் விலக்கலும் ஏவப்படாத பிராணிமீது பழி சுமத்த வழியில்லை. சட்டத்தால் ஓநாய்க்கு விடுதலை கிடைத்துவிடும். ஆனால் வாத்துக்காக அழுகிற பிள்ளை சட்டத்தைக் கேட்கவில்லை. தோழனை இழந்த பீட்டர், மன்னிக்கவும் முடியாத, பழிவாங்கவும் முடியாத ஒன்றின் கூண்டை ஏன் திறந்தான் என்று கேட்கிறது. அதற்கு விடை சொல்ல அப்படத்தில் குரல் ஏதும் இல்லை; பெற்றோர்தாம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.